நடேசுவின் இலையில் ஒரு டோனட்

எங்கள் வெக்ஸ்போர்ட் மூத்தோர் ஒன்றுகூடல் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. ஒவ்வொருவரும் தான் செய்த உத்தியோகத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். தபால் கந்தோரில் இருந்தவர் தபாலைப் பற்றி எழுதுகிறார். பஸ் ஓட்டியவர் பஸ்ஸைப் பற்றி எழுதுகிறார். என்னிடம் வந்தபோது மட்டும் மலர்க்குழுத் தலைவி, "பாலண்ணை, நீங்கள் வீட்டில சுகமா கிளேஸ்ட் டோனட் செய்யிற முறையை எழுதித் தாங்கோ. பேரப்பிள்ளையளுக்குச் செய்து குடுக்கலாம்" என்றார். பஸ்காரரிடம் போய், வீட்டில் சுகமாகப் பஸ் ஓட்டுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். அதுவும் சரிதான்.

ஆகவே முறையைச் சொல்லத்தான் போகிறேன். நடுவில் வேறு கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கு அகதியாக வந்து இறங்கிய புதிதில் எல்லோரையும் போலக் கோப்பை கழுவினேன். பிறகு வெக்ஸ்போர்ட்டில் ஒரு டோனட் கடையில் நிலம் துடைத்தேன். ஒரு நாள் மாப் பிசைகிறவன் வேலைக்கு வரவில்லை. துடைப்பத்தைப் பறித்து வைத்துவிட்டு என்னைப் பிசையும் மேசைக்குத் தள்ளினார்கள். ஓய்வு பெறும் வரை அந்த மேசையைவிட்டு நான் நகரவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

என் மேலாளர் மனுவேல் ஒரு போர்த்துக்கேயர். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆளும் பெரிய ஆள், கையும் பெரிய கை. ஆனால் மாவைத் தொடும்போது பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். நான் பிழைவிட்டால் பேசமாட்டார், முகம்கூடச் சுளிக்கமாட்டார். பிழைத்த டோனட்டை எடுத்து ஒரு கடதாசிப் பையில் போட்டு, சுவரில் தொங்கும் என் குளிர்ச்சட்டையின் பையில் வைத்துவிடுவார். வேலை முடிந்து சட்டையைப் போட்டால் கைக்குள் அது தட்டுப்படும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மனைவி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு மெத்தக் கருகிப்போச்சு போல" என்பாள். அந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லாமல் என்னை வீட்டிலே பேச்சு வாங்க வைத்தார். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். பை வெறுமையாக வந்த முதல் நாள் மனைவி பாயாசம் வைத்தாள்.

இனி முறை. மூன்றரைக் கப் கோதுமை மா எடுங்கள். பச்சை மா. புட்டுக்கு அவித்து வைத்திருக்கும் மாவை எடுத்துவிட்டு, எழும்பவில்லையே அண்ணை என்று எனக்குப் போன் எடுக்காதீர்கள். அவித்த மா எந்தச் சாமி வந்தாலும் எழும்பாது. விரலை வைத்தால் சுடாத பதத்தில் ஒரு கப் பால், அதில் கொஞ்சம் சீனி, ஒரு சிறு பைக்கற் ஈஸ்ட். நுரைத்து வந்ததும் மா, மிச்சச் சீனி, உப்பு, ஒரு முட்டை, உருகிய பட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டுகிறது என்று மாவை அள்ளிக் கொட்ட வேண்டாம். பிசையப் பிசைய ஒட்டுவது நிற்கும். ஒரு துண்டை இழுத்துப் பிடித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக வர வேண்டும். மூடி வையுங்கள். இரண்டு மடங்காக எழும்பியதும் சுண்டுவிரல் தடிப்புக்கு உருட்டி, வளையமாக வெட்டி, திரும்பவும் எழும்ப விடுங்கள்.

அந்த இரண்டாவது எழும்பலில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். விரலால் மெல்லத் தொட்டால் குழி ஆறுதலாக நிரம்பி வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வராமலே கிடந்தால் காலம் போய்விட்டது. சரியாக எழும்பியது எண்ணெயில் மிதக்கும். மிதப்பதால் இடுப்பு எண்ணெயில் படாது. வெந்து வரும்போது இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கும். எழும்பாதது தாழும், வளையம் வராது, உள்ளே களியாக இருக்கும். மனுவேல் முதலில் வளையத்தைத்தான் பார்ப்பார். பிறகு அந்த முதல் டோனட்டைப் பிட்டு, பாதியை என் வாயிலும் பாதியைத் தன் வாயிலும் போடுவார். அதைத் தின்று பார்க்காமல் ஒரு தட்டும் வெளியே போகக்கூடாது. அவர் போன பிறகும் நான் அந்த வழக்கத்தை விட்டதில்லை, நடேசுவின் வீட்டில் ஒருமுறையைத் தவிர.

என் கூட்டாளி நடேசு பக்கத்து டோர்செட் பார்க் பகுதியில் குடியிருந்தான். கிழமையில் நாலைந்து நாள் செக்யூரிட்டி வேலை முடித்துக் காலையில் எங்கள் கடைக்கு வருவான். நானும் என் வேலையை முடித்து வெளியே வரும் நேரம். ஒரு தேத்தண்ணி, மேலே சீனிப் பூச்சுப் பூசிய ஒரு கிளேஸ்ட் டோனட். சீனி காயும் முன்னம் தா என்று நிற்பான். விரலை நக்கிவிட்டு, "பாலா, இண்டைக்கு நேற்றையைவிடத் திறம்" என்பான். வரும்போதெல்லாம் அதையேதான் சொல்வான். எனக்கு அதற்கு மேல் ஒரு விருது தேவைப்படவில்லை.

பிறகு அவனுக்குச் சீனி வருத்தம் வந்தது. மனைவி பவளம் டோனட்டை மறித்துவிட்டாள். அப்போதும் வந்தான். சீனி இல்லாத பிளேன் ரீயை, அதுதான் பால் விடாத தேத்தண்ணியை, வாங்கிக்கொண்டு, டோனட் தட்டுகள் தெரிகிற கதிரையில் இருப்பான். "எப்பிடி வந்தது?" என்று கேட்பான். நல்லாய் வந்தது என்றால் தலையை ஆட்டுவான். எனக்கு மனம் கேட்காமல் ஒருமுறை ஒன்றைத் தட்டில் வைத்து முன்னால் தள்ளினேன். "சாப்பிடடா, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அவன் தட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். "தொடமாட்டன் எண்டு பவளத்துக்குச் சொல்லிப்போட்டன், மச்சான்" என்றான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய பனிக்காலத்தில் அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முந்திய கிழமை பவளம் போன் எடுத்தாள். அழுகையில்லாமல், காரியமாகப் பேசினாள்.

"பாலண்ணை, வீட்டில படைக்கேக்க அவருக்கு விருப்பமானதெல்லாம் வைக்கவேணும். எனக்கு ஒரு டோனட் வைக்கவேணும்."

"நான் கடையில இருந்து கொண்டு வாறன், பவளம்."

"கடைச் சாமான் வேண்டாம். வீட்டில செய்யவேணும், என்ர கையால. நீங்கள் வந்து வாயால சொல்லித் தாங்கோ. முட்டை சேர்க்கக்கூடாது. படைக்க முன்னம் ருசி பார்க்கவும் கூடாது."

முட்டை இல்லாமல், கை வைக்காமல், தின்று பார்க்காமல் நான் டோனட் செய்ய வேண்டும். மனுவேல் கேட்டிருந்தால் தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் ஓம் என்றேன். எங்கள் கடை டோனட்டில் முட்டை இருக்கிறது, வீட்டில் பரிசோதித்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

படையலுக்கு முதல்நாள் என் வீட்டுக் குசினியில் ஒத்திகை. கலியாணம் கட்டியதிலிருந்து மனைவி என்னை அங்கே தேத்தண்ணி போடக்கூட விட்டதில்லை. வாசலில் நின்று, "மாவைக் கொட்டாதேங்கோ, எண்ணெயைச் சிந்தாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தயிர் விட்டுப் பார்த்தேன், புளித்தது. பிறகு ஒரு சின்ன உருளைக்கிழங்கை அவித்து, கட்டியில்லாமல் மசித்துச் சேர்த்தேன். பஞ்சாக வந்தது. முட்டை போட்டதைவிட நன்று என்று நான் சொல்லமாட்டேன். மனைவி சொன்னாள், நாலு சாப்பிட்டபடி.

படையல் நாள் விடிய முழுகிவிட்டு டோர்செட் பார்க்குக்குப் போனேன். அடுக்குமாடியில் லிஃப்ட் திறக்கும்போதே சாம்பார் மணத்தது. குசினியில் பவளமும் நடேசுவின் மூத்த அக்காவும் நின்றார்கள். அந்த அம்மா மார்க்கம் நகரிலிருந்து வந்திருந்தார். பவளம் அவரை மச்சாள் என்பாள். எனக்குக் குசினி வாசலில் ஒரு கதிரை போடப்பட்டது. அதற்கு உள்ளே வரக்கூடாது.

மச்சாளுக்கு என் வரவு பிடிக்கவில்லை. "வாழையிலையில டோனட்டோ? ஆக்கள் பாத்தால் என்ன கதைப்பினம்?" என்றார். நான் ஈஸ்ட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் குறுக்கே வந்தார். "உது உயிருள்ள சாமான் எல்லே. அப்ப மச்சம் மாமிசம்தானே?"

பவளம் மாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "போன கிழமை அப்பம் சுட்டனீங்கள், மச்சாள். மாவுக்குப் பாட்டுப் பாடியோ பொங்க வைச்சனீங்கள்?"

மச்சாள் வடைக்கு உழுந்து அரைக்கப் போய்விட்டார்.

பவளத்துக்கு நல்ல கை. இடியப்பம் பிழிந்து பழகிய தோள். நான் கதிரையில் இருந்தபடி, இன்னும் பிசையும், இழுத்துப் பாரும், காணாது, இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் விரல்கள் முழங்காலில் தாமாகவே பிசைந்தன. முதல் எழும்பல் நன்றாக வந்தது. உருட்டி, தேத்தண்ணிக் குவளையின் வாயால் வெட்டி, மருந்துப் போத்தல் மூடியால் நடுவைக் குத்தி எடுத்தாள். தட்டில் அடுக்கி, துணி போட்டு மேசையில் வைத்தாள்.

அந்த நேரம் மச்சாள் வடையைத் தாச்சியில் போட்டார். புகை கிளம்பியது. கூரையிலுள்ள அலாரம் அலறத் தொடங்கியது. அலாரம் அலறினால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பல்கணிக் கதவை ஆவென்று திறந்துவிட்டார் மச்சாள். தை மாதக் குளிர் நேரே மேசைக்கு வந்தது. அலாரம் நின்றது, கதவு மூடப்பட்டது, வடை முடிந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தால் என் டோனட் வைத்தது வைத்தபடி கிடந்தது. தொட்டால் கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது.

"ஐயர் வாறதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டேன்.

"வெளிக்கிட்டுட்டாராம்" என்றாள் பவளம். மதியம் தாண்ட முன்னம் படைத்தாக வேண்டும். அவள் முகம் வெளிறிப்போனது. "இனி எழும்பாதோ, பாலண்ணை?"

இப்படியான வேளைக்கு வழி ஒன்று உண்டு. ஈரச் சூடு வேண்டும். நான் யோசிக்காமல், "குளியலறைக்குள்ள சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, தட்டை உள்ள வையும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயை நானே பொத்தினேன். படையல் சாமானைக் குளியலறைக்குள் வைக்கச் சொன்ன ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். மச்சாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

"போறணை, போறணை" என்றேன் அவசரமாக. "அடுப்புக்குக் கீழ இருக்கிற போறணையைச் சூடாக்காமல், உள்ளுக்கு லைட்டை மட்டும் போடும். கீழ்த்தட்டில ஒரு சட்டி கொதிதண்ணி. மேல டோனட் தட்டு. கதவை மூடும்."

பவளம் போறணைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருப்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். தாச்சிகள், இட்டலிச் சட்டி, புட்டுப்பானை, பழைய தட்டங்கள், மூடியில்லாத பெட்டிகள், பெட்டியில்லாத மூடிகள். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் அதற்குள் ஒரு நாளும் நெருப்பு எரிந்ததில்லை. மச்சாள்தான் முதலில் சேலையைச் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்தார். ஒவ்வொன்றாக இழுத்து வெளியே அடுக்கினார். "இருந்து பாக்கிறியள், தண்ணியைக் கொதிக்க வையுங்கோ" என்று என்னையே அதட்டினார். நான் உள்ளே வரக்கூடாது என்பதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை, பவளம்தான் வைத்தாள்.

பிறகு காத்திருப்பு. மச்சாள் இலை கழுவப் போனார். பவளம் போறணைக் கண்ணாடிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். உள்ளே லைட் வெளிச்சத்தில் டோனட்டுகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆஸ்பத்திரியில கடைசியா என்னட்டக் கேட்டவர், பாலண்ணை. வாய் கசக்குது, பாலாவின்ர கடையில ஒரு டோனட் வாங்கித் தாவன் எண்டு. நான் பேசிப்போட்டன். இந்த நிலையிலயும் உங்களுக்கு நாக்கு அடங்கேல்லையோ எண்டு கேட்டன். சரி எண்டார். அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்ல."

அவள் உள்ளங்கையால் போறணைக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் மறிச்ச பிறகு, எனக்குத் தெரியாமல் உங்கட கடையில களவாச் சாப்பிட்டவரோ?"

இப்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். குற்றம் பிடிக்க அவள் கேட்கவில்லை. சாப்பிட்டிருக்க வேண்டும், ஒன்றாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை.

"சாப்பிட்டவன்" என்றேன். "வெள்ளிக்கிழமையில மட்டும். கிழமை முடியுதெண்டு ஒண்டு எடுப்பான். பாதி சாப்பிட்டுப்போட்டு மிச்சத்தை என்னட்டத் தருவான். சொல்லிப்போடாதை எண்டு சத்தியம் வாங்கினவன்."

"வெள்ளிக்கிழமையிலயோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை தவறாமல்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கள்ளன்" என்றாள் மெல்ல. என் பொய் நன்றாக எழும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டோனட்டும் எழும்பியது. பவளம் விரலால் தொட்டாள், குழி ஆறுதலாக நிரம்பியது. எண்ணெய்ப் பதத்துக்கு ஒரு துண்டு மாவைப் போடச் சொன்னேன். வடைச் சூடு இதற்குக் கூடாது, மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். துண்டு கீழே போய் ஆறுதலாக மேலே வந்து, சுற்றிச் சின்னக் குமிழ் விட வேண்டும். வந்தது. முதல் டோனட்டைப் போட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அது தாழ்ந்தது, பிறகு மிதந்தது. வடைக் கம்பியால் ஒருமுறை மட்டும் புரட்டச் சொன்னேன். பொன்னிறமாக வெளியே வந்தது. இடுப்பைச் சுற்றி வெள்ளை வளையம்.

"வந்திட்டுது" என்றேன். தின்று பார்க்காமல் சொன்ன முதல் டோனட் அது.

சீனிப் பூச்சுக்கு ஐசிங் சுகர், கொஞ்சம் பால், ஒரு சொட்டு வனிலா. கரண்டியிலிருந்து நூலாக விழ வேண்டும். டோனட் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது தோய்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தோய்த்தால் வழிந்து ஓடிவிடும், ஆறவிட்டுத் தோய்த்தால் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். பவளம் அளவாகத் தோய்த்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது.

ஐயர் வந்தார். நடேசுவின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டுச் சோறு, கறிகள், வடை, பாயாசம் எல்லாம் வைத்தார்கள். பவளம் டோனட்டோடு வந்து நின்றாள். இலையில் இடமில்லை. மச்சாள் குனிந்து அப்பளத்தைத் தூக்கிச் சோற்றுக்கு மேலே வைத்தார். "இதில வை" என்றார். "சின்னனிலயும் அவனுக்கு இனிப்பெண்டால் காணும்." சொல்லி முடிக்க முன்னம் அழத் தொடங்கிவிட்டார். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனார்கள். டோனட் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் வாசலில் சப்பாத்தைப் போடும்போது பவளம் என் மனைவிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். பையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"பாலண்ணை, உங்கட கடை டோனட்டில முட்டை கிடக்கெண்டு சொன்னீங்கள் எல்லே."

"ஓம்."

"அவர் வெள்ளிக்கிழமை விரதம். முட்டை தொடமாட்டார். கலியாணம் கட்டின நாளில இருந்து ஒரு வெள்ளி தவறினதில்லை."

வாழ்நாள் முழுக்க ஷிஃப்டில் வேலை செய்தவனுக்கு எது வெள்ளி, எது விரதம். வாயில் வந்த முதல் கிழமையைச் சொல்லியிருந்தேன்.

"அப்ப அவர் சாப்பிடேல்ல" என்றாள்.

"இல்லை, பவளம்."

"ஒண்டுகூட?"

"ஒண்டுகூட இல்லை. நான் வைச்சுக் குடுத்தும் தொடேல்ல. பவளத்துக்குச் சொல்லிப்போட்டன் எண்டு தட்டைத் தள்ளினவன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. நான் பையைப் பிடித்தபடி நின்றேன். அழுது முடிந்து மூக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தபோது, அவள் முகத்தில் கோபம் இருக்கவில்லை.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேணும், அண்ணை. இன்னொருக்கால் சொல்லுங்கோ. சனிக்கிழமை எண்டு சொல்லுங்கோ."

ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாக நின்று சொன்னேன். "சனிக்கிழமை சனிக்கிழமை வருவான், பவளம். பிளேன் ரீயோட ஒரு டோனட் எடுப்பான். பாதியைச் சாப்பிட்டுப்போட்டு..."

"முழுசாச் சாப்பிட்டவர் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"முழுசாச் சாப்பிடுவான்" என்றேன்.